இடப்பக்கப் பையில் ஒரு கடிதம்

வரிசையின் வால் மூக்குக் கண்ணாடிக் கடை வாசலில் இருந்தது. அதன் தலை மாடிப்படி ஏறி, தையல் வகுப்பைத் தாண்டி, இரண்டாம் தளத்தில் ஒரு நீலக் கதவில் முட்டிக்கொண்டிருந்தது. வரிசையின் தலையைத்தான் சொல்கிறேன். நின்றவர்களின் தலைகள் எங்கே இருந்தன என்பது வேறு கேள்வி.

நீலக் கதவுக்குப் பின்னால் ஆழம் ஐயா இருந்தார். அவருக்கு வேறு பெயர் இருந்திருக்கலாம். ஒரு வாக்கியத்துக்கு ஒரு முறையாவது 'ஆழம்' என்பார் என்பதால் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. கதவில் ஒரு பலகை தொங்கியது. தலைப்பு: 'எங்கள் அணுகுமுறை'.

'ஒவ்வொரு மனிதரும் தனித்துவமானவர். ஆகவே ஒவ்வொருவருக்கும் தனி அணுகுமுறை. உங்கள் ஏழு தலைமுறைக் காயம் உங்கள் இடது விலாவுக்குப் பின்னால் உறங்குகிறது. அதை நாங்கள் ஆழமாகக் கேட்கிறோம். நீங்கள் பேச வேண்டியதில்லை. உங்கள் பயணத்தில் உடன் நடக்கிறோம்.'

உடன் நடக்கிறவர் காலையில் காரில் வந்து மாலையில் காரில் போனார். அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

வைத்தியம் எளிது. உள்ளே போனால் ஐயா உங்கள் இடது தோளில் கை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். ஏழு நிமிடம். பிறகு உள்ளறைக்குப் போய், உங்கள் காயத்தை ஒரு கடிதமாக எழுதிக்கொண்டு வருவார். அதை நீங்கள் மட்டும்தான் படிக்க வேண்டும். அடுத்தவருக்குக் காட்டினால் காயம் மறுபடி வாய் திறக்கும். அடுத்தவருடைய கடிதம் உங்கள் நெஞ்சில் பட்டால் தீயாகச் சுடும். கடிதத்தை வைத்துக்கொள்ள ஒரு வெள்ளை அங்கி. முழங்கால்வரை நீளம், இடப்பக்கம் ஒரே ஒரு பை. அதையும் அங்கேயேதான் வாங்க வேண்டும். தையல் வகுப்பு முதல் தளத்தில் இருந்தது தற்செயல் என்று நம்ப விரும்புகிறவர்கள் நம்பலாம்.

ஒரு மாதத்தில் தெரு முழுக்க வெள்ளை அங்கி. ஆண், பெண், வங்கி மேலாளர், பல் டாக்டர், பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை எல்லோரும் ஒரே உடுப்பு. தனித்துவமானவர்கள் அல்லவா.

வெள்ளைத் துணி சீக்கிரம் அழுக்காகும். அழுக்கானது எல்லாம் தெருக்கோடியில் இருந்த லாண்டரிக்கு வந்தது.

லாண்டரியை நடத்தியவளை எல்லோரும் அக்கா என்றார்கள். நாற்பது வயது, கொதிநீர் பட்டுச் சிவந்த கைகள். தொழிலில் இரண்டு வழக்கங்களை அவள் விட்டதில்லை. வந்த துணியின் கழுத்துப் பட்டைக்கு உட்புறம் வாடிக்கையாளரின் எண்ணை அழியாத மையில் குறிப்பாள். பையில் காகிதம் ஏதாவது கிடைத்தால், அதன் பின்பக்க மூலையில் அதே எண்ணைக் குறித்து எடுத்து வைத்து, துவைத்துத் தேய்த்த பிறகு அதே பையில் போட்டுக் கொடுப்பாள். படிக்க மாட்டாள். சுவரிலேயே எழுதி ஒட்டியிருந்தாள்: 'பையில் இருப்பது உங்களுடையது. நாங்கள் பிரிப்பதில்லை.'

வெள்ளை அங்கிகளில் பாதிக்கு மேல் கடிதத்தோடுதான் வந்தன. உயிருக்கு உயிரான கடிதத்தை அழுக்குத் துணியில் மறந்துவிட்டுப் போவதற்கு ஒரு தனி பக்தி வேண்டும்.

இன்னொன்றையும் அவள் கவனித்தாள். முன்பெல்லாம் ஒரு குடும்பத்துத் துணி ஒரே மூட்டையாக வரும். இப்போது இரண்டாக வந்தது. புருஷன் தனியாக ஒரு பை, பெண்டாட்டி தனியாக ஒரு பை. ஒன்றாகச் சேர்த்துத் துவைத்துவிடாதே என்று வேறு சொன்னார்கள்.

சிரிக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவள் வீட்டிலேயே தலையணை இடம் மாறியிருந்தது.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். கவனமான ஆள். ஒரு நட்டை மூன்று முறை முடுக்கிப் பார்ப்பார். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு கட்டடத்தில் கம்பிக் கயிறு நழுவி, ஒன்பதாம் தளத்துக்கும் பத்தாம் தளத்துக்கும் நடுவே மூன்று மணி நேரம் இருட்டில் தொங்கினார். அடி எதுவும் படவில்லை. தூக்கம் மட்டும் போய்விட்டது. அக்கா கேட்டால், 'ஒண்ணுமில்ல' என்பார். அந்த ஒண்ணுமில்லையைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் நீலக் கதவுக்குப் போனார். கடிதத்தோடு திரும்பினார். அன்றே தலையணையை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார்.

"என்னங்க, நான் என்ன பண்ணேன்?"

"அதை உங்கிட்ட சொல்லக் கூடாது."

"யாரு சொன்னது?"

"ஐயா. நாப்பத்தியோரு நாள் விலகல். அதுவரைக்கும் பேச்சு இல்ல."

"இப்ப பேசறீங்களே?"

அவர் யோசித்தார். பிறகு வாயை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் எல்லாம் சீட்டுதான். 'சாப்பாடு போதும்.' 'குழாய் ஒழுகுது.' ஒழுகும் குழாயைச் சீட்டு எழுதி வைத்துவிட்டு அவரே சரிசெய்தார்.

நாற்பத்தோராம் நாள் என்ன நடக்கும் என்று தெருவுக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை, பள்ளிக்கூட அரங்கம். முதல் அணியில் கடிதம் வாங்கியவர்கள் மேடையேறி, தங்களைக் காயப்படுத்துகிறவரை விட்டு விலகுவதாக ஊர் அறிய உறுதி சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் 'அறுப்பு'. லிஃப்ட்காரர் பட்டறைக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்து வைத்துவிட்டார். பதினெட்டு வருடக் குடித்தனத்துக்கு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி என்று நேரம் குறித்தாகிவிட்டது.

விலகல் தொடங்கிய இரண்டாம் வாரம், ஒரு காலையில் அவர் வழக்கமான சீட்டுகூட வைக்காமல் போய்விட்டார். அன்று அக்காவின் மனம் தொழிலில் இல்லை. தேய்த்த அங்கிகளில் கடிதங்களைப் போட்டாள், கட்டினாள், கொடுத்தாள்.

அடுத்த வாரம் தலைமையாசிரியையின் அங்கி மறுபடி வந்தது. பையில் கடிதம். வழக்கம்போலப் பின்பக்கம் எண் குறிக்கத் திருப்பினாள். ஏற்கெனவே ஓர் எண் இருந்தது. நாற்பத்தேழு.

தலைமையாசிரியை முப்பத்தொன்று. நாற்பத்தேழு வங்கி மேலாளர்.

ஒரு வாரமாக இன்னொருத்தர் கடிதம் அந்த அம்மாள் நெஞ்சில்! தீக்காயம் ஏதாவது? மாலையில் துணி வாங்க வந்தவளை அக்கா மேலும் கீழும் பார்த்தாள்.

"டீச்சர், உடம்பு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கேனே, ஏன்?"

"நெஞ்சுல எரிச்சல், கிரிச்சல்?"

"எரிச்சலா? குளுகுளுன்னு இருக்கு. நேத்து கூட எடுத்துப் படிச்சேன். அப்படியே என்னைப் பத்தியே எழுதியிருக்கார் அக்கா. கண்ணுல தண்ணி. அவரோட அணுகுமுறையே வேற."

மேலாளரும் வந்தார். முப்பத்தொன்று என்று எழுதிய கடிதத்தைப் பையோடு தட்டிக்காட்டி, "இதுல இருக்கிறது எங்கம்மாவுக்குக் கூடத் தெரியாது" என்றார். உண்மைதான். தலைமையாசிரியையின் காயம் அவருடைய அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

அக்கா அன்று வெகுநேரம் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கிவிட்டு, எதையும் தேய்க்காமல் நின்றாள்.

சனிக்கிழமைகளில் ஆஸ்பத்திரியின் மனநல ஆலோசகர் தன் கோட்டுகளை எடுத்து வருவாள். ஒல்லியான பெண், எப்போதும் குடையை மறந்துவிட்டுப் போகிறவள். அவள் அறை வாசலில் வரிசை கிடையாது. இரண்டு நாற்காலி உண்டு, ஒன்று காலியாக இருக்கும்.

"மேடம், உங்க அணுகுமுறை என்ன?"

ஆலோசகர் சிரித்தாள். "பலகை எழுதற அளவுக்கு ஒண்ணும் இல்லக்கா. வருவாங்க. பேசுவாங்க. நான் கேப்பேன். புரியலைன்னா புரியலைன்னு சொல்வேன். சில பழக்கங்களை மாத்திப் பார்க்கச் சொல்வேன், கொஞ்ச நாள் கழிச்சு அது வேலை செஞ்சுதான்னு ரெண்டு பேரும் பார்ப்போம். செய்யலைன்னா வேற வழி. மருந்து தேவைன்னா டாக்டர்கிட்ட அனுப்புவேன்."

"ஏழு நிமிஷத்துல ஆளைப் படிச்சுட மாட்டீங்களா?"

"ஏழு நிமிஷம் அவங்க செருப்பைக் கழட்டிட்டு உக்காரவே சரியாப் போயிடும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அதான் கூட்டம் இல்ல."

அக்கா மடித்த கோட்டை நீட்டினாள். கையை விடவில்லை. "ரகசியம் உண்டா மேடம்?"

"உண்டே. அவங்க சொன்னதை நான் வெளிய சொல்லக் கூடாது."

"நீங்க சொன்னதை அவங்க?"

"தெருமுனையில நின்னு கத்தலாம். நான் தப்பா ஏதாவது சொல்லியிருந்தா, அப்பத்தானே நாலு பேர் 'அது தப்பு'ன்னு சொல்ல முடியும்? வாயை நான்தான் மூடிக்கணும், அவங்க இல்ல."

ஆலோசகர் போனாள், குடையை விட்டுவிட்டு. அக்கா குடையைப் பார்த்தபடியே நின்றாள். மாடியில் இந்த ரகசியம் தலைகீழாகத் தொங்குகிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அங்கே ஐயா சொன்னதைத்தான் யாரும் வெளியே சொல்லக் கூடாது.

அடுத்து அவள் செய்தது தொழில் தர்மத்துக்குச் சற்றுப் பக்கவாட்டில் நின்ற காரியம். ஒரு கடிதத்தையும் பிரிக்கவில்லை, படிக்கவில்லை. சுவரில் எழுதியதை அவள் மீறவில்லை. இடம் மட்டும் மாற்றினாள். பதினெட்டு கடிதங்கள். மேலாளருடையது மூக்குக் கண்ணாடிக் கடைக்காரரின் மாமியாருக்கு. நகைக்கடை முதலாளியுடையது பஸ் கண்டக்டருக்கு. வீட்டில், கொடியில் காய்ந்து தொங்கிய புருஷனின் அங்கிக்குப் பல் டாக்டருடைய கடிதம். பல் டாக்டருக்குப் புருஷனுடையது.

பிறகு காத்திருந்தாள். ஒரு நாள். இரண்டு நாள். இரண்டு வாரம்.

தெருவில் ஒருவருக்கும் சுடவில்லை. ஒருவரும், 'இது என்னுடையது இல்லை' என்று திரும்பி வரவில்லை. கால்சட்டையில் ஒரு பொத்தான் மாறினால் கடை வாசலில் சண்டைக்கு நிற்கிற ஜனம். ஏழு தலைமுறைக் காயம் மாறியது தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை புருஷனுடைய அங்கியை அவளே தேய்த்தாள். தன்னை விட்டுப் போகப்போகும் உடுப்பு. மடிப்பு நூல் பிடித்த மாதிரி விழுந்தது. கோபம் வேறு, தொழில் வேறு.

அரங்கம் நிரம்பி வழிந்தது. எங்கே பார்த்தாலும் வெள்ளை. லாண்டரியின் ஒரு மாத உழைப்பு மொத்தமும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தது. மேடையில் ஆழம் ஐயா, கையில் மைக்.

"ஆழமாகக் கேளுங்கள்! உங்க கடிதம் உங்க ரத்தம் மாதிரி. உலகத்துல வேற யாருக்கும் அது பொருந்தாது. முதல் அணி மேலே வரலாம்."

லிஃப்ட்காரர் எழுந்தார். முகம் வெளுத்திருந்தது. மேடைப்படியில் கால் வைக்கும் நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"ஐயா, ஒரு சந்தேகம்."

எல்லாத் தலையும் திரும்பியது. அக்கா வழக்கமான கத்தரிப்பூச் சேலையில் நின்றாள். அந்த வெள்ளையில் அவள் மட்டும் கறை மாதிரி தெரிந்தாள்.

"கேளம்மா. ஆழமாக் கேளு."

"ஒருத்தர் கடிதம் இன்னொருத்தர் பைக்குப் போயிட்டா தெரியுமா?"

"உடனே தெரியும்! சுடும்."

"எவ்வளவு நேரத்துல?"

"ஒரு மூச்சு இழுக்கற நேரத்துல."

"எல்லாருக்குமா? சிலபேருக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும்!" ஐயா கையை விரித்தார். கூட்டம் கை தட்டியது.

அக்கா கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்தாள். "அப்ப என்னை எல்லாரும் மன்னிக்கணும். என் கடையில ஒரு தப்பு நடந்துபோச்சு. நிறையக் கடிதம் மாறிப்போச்சு. எடுத்துப் பின்பக்கம் மூலையைப் பாருங்க, ஒரு நம்பர் இருக்கும். அங்கியோட கழுத்துப் பட்டைக்குள்ளயும் ஒரு நம்பர் இருக்கும். ரெண்டும் ஒண்ணா இருந்தா கடிதம் உங்களது."

தன் கழுத்துப் பட்டையின் உட்புறத்தைத் தானே பார்க்க எந்த மனிதனாலும் முடியாது. பக்கத்தில் இருப்பவர்தான் திருப்பிப் பார்க்க வேண்டும். நாற்பத்தொரு நாளாகப் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காத கூட்டம், ஒருவர் பிடரியில் ஒருவர் கை வைத்தது.

"உங்களுக்கு முப்பத்தொண்ணு."

"கடிதத்துல பன்னெண்டு இருக்கே!"

"எனக்கு அஞ்சு. இதுல அறுபது!"

"யாருப்பா அறுபது?"

"நான் அறுபது! என் காயத்தைக் குடுய்யா!"

அக்கா நேராக மேடைப்படிக்குப் போனாள். புருஷனின் பிடரியில் கை வைத்துப் பட்டையைத் திருப்பினாள்.

"ஒண்ணு" என்றாள். "எங்கிட்ட முதல் நம்பர் எப்பவும் உங்களுக்குத்தான். கடிதத்துல?"

லிஃப்ட்காரர் காகிதத்தைத் திருப்பினார். "இருபத்திரெண்டு."

"இருபத்திரெண்டு நான்தானே!" மூன்றாம் வரிசையில் பல் டாக்டர் துள்ளி எழுந்தார். அவர் தனிக்கட்டை. வீட்டில் வேறு யாரும் இல்லாததால், கடிதம் வந்த மறுநாள் தான் வளர்த்த பூனையைக் கொண்டுபோய்த் தூரத்து மார்க்கெட்டில் விட்டுவிட்டு வந்தவர். "அதைக் குடுங்க சார், அது என் பூனையைப் பத்தினது!"

அரங்கமே பல் டாக்டர் பக்கம் திரும்பியது.

அக்கா புருஷனைப் பார்த்தாள். "பூனை மேல எழுதின கடிதத்தை வச்சுக்கிட்டா என்னை விட்டுப் போகப் போறீங்க?"

யாரோ ஒருவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஆழம் ஐயா மைக்கை இறுகப் பிடித்தார்.

"அமைதி! ஆழமான காயங்கள் பயணிக்கும்! ஒருவர் காயம் இன்னொருவரைத் தேடிப் போகும்! இது ஒரு உயர்ந்த நிலை!"

இதை எழுதக் கூசுகிறது. ஆனால் முன்வரிசையில் பத்துப் பதினைந்து பேர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'அதானே பார்த்தேன்' என்றுகூடச் சொன்னார்.

அங்கேதான் தலைமையாசிரியை எழுந்தாள். இருபது வருடம் பரீட்சை அறையில் நடந்தவள். காகிதம் கைமாறியது என்று கேட்டதுமே அவளுக்குள் ஏதோ ஒன்று விழித்துக்கொண்டது.

"மேனேஜர் சார், உங்க கையில இருக்கிறதைச் சத்தமாப் படிங்க."

"காட்டக் கூடாதுன்னு..."

"படிங்கன்னா படிங்க!"

மேலாளர் பள்ளிக்கூடத்துப் பையனைப் போல எழுந்து நின்றார். "நீங்கள் வெளியே சிரிக்கிறீர்கள். உள்ளே ஓர் அறை பூட்டியிருக்கிறது."

தலைமையாசிரியை தன் கடிதத்தைப் பார்த்தாள். அடுத்த வரியை அவளே சொன்னாள். "சின்ன வயதில் ஒருவர் சொன்ன ஒரு சொல் இன்னும் ஆறவில்லை."

"நீங்கள் கொடுத்த அளவுக்கு..." பஸ் கண்டக்டர்.

"உங்களுக்குத் திரும்பக் கிடைத்ததில்லை" என்று நாலு பேர்.

அதற்கப்புறம் யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல அரங்கம் முழுவதும் ஒரே குரலில் ஓதியது. "உங்கள் அருகில் இருப்பவரே உங்கள் மூச்சைக் குடிக்கிறார். அவர் யார் என்பது உங்களுக்கே தெரியும்."

கடைசி வரியில் குரல்கள் ஒவ்வொன்றாக இறங்கின. புருஷன்கள் பெண்டாட்டிகளைப் பார்த்தார்கள். ஒரே வீட்டில் இருவருக்கும் அதே வரி. நாற்பது நாளாக ஒருவர் மூச்சை ஒருவர் குடித்ததாக இருவரும் நம்பியிருக்கிறார்கள்.

"காப்பியடிச்ச பசங்களை எத்தனையோ பேரைப் பிடிச்சிருக்கேன்" என்றாள் தலைமையாசிரியை. "எவனும் ரெண்டு வரியாவது மாத்தி எழுதுவான். இந்த ஆளுக்கு அதுக்குக்கூடச் சோம்பேறித்தனம்."

எல்லோரும் மேடையைப் பார்த்தார்கள். மைக் மட்டும் இருந்தது. பின்வாசலில் காரின் சத்தம் கேட்டது. இந்த முறையும் அவர் உடன் நடக்கவில்லை.

அன்று மாலை மாடியின் நீலக் கதவை உடைத்தார்கள். உள்ளறையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, கட்டுக் கட்டாகக் கடிதங்கள். ஐயா தன் கையால் எழுதினார் என்பது பொய்யில்லை. முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். அந்த ஏழு நிமிடம் மக்களுக்காகத்தான். சீக்கிரம் கொடுத்துவிட்டால் ஆழம் போதாது என்று நினைத்துவிடுவார்கள்.

இரவு வீட்டில், லிஃப்ட்காரர் தலையணையோடு படுக்கையறை வாசலில் வந்து நின்றார். அக்கா கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள், நகர்ந்து இடம் விடவில்லை.

"எனக்குத் தூக்கம் வரல. கண்ணை மூடினா கயிறு நழுவுது. அந்தாளு தோள்ல கை வச்சான். ஆறு மாசத்துல அப்படி யாரும்..." என்றவர் நிறுத்திக்கொண்டார்.

"நான் கேட்டப்ப ஒண்ணுமில்லன்னீங்க."

"ஆமா."

"வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போங்க. அந்த மேடத்தோட குடை நம்ம கடையிலதான் இருக்கு, எடுத்துட்டுப் போய்க் குடுங்க. போறதுதான் போறீங்க, கொஞ்சம் உக்காந்து பேசிட்டு வாங்க."

போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. கேட்டாங்க. நான்தான் பேசிக்கிட்டே இருந்தேன். அடுத்த வாரம் வரச் சொன்னாங்க. ரெண்டு மூணு மாசம் ஆகுமாம்." சற்று யோசித்து, "குடையை மறுபடி வச்சுட்டு வந்துட்டேன். நம்ம வீட்டுக் குடையை" என்றார்.

"என்ன பேசினீங்கன்னு எங்கிட்ட சொல்லலாமா?"

"தாராளமாச் சொல்லலாமாம்."

சொன்னார். அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள்.

அந்த வாரமே பல மூட்டைகள் மறுபடி ஒன்றாகின. சிலது ஆகவில்லை, நாற்பது நாளில் சீட்டில் எழுதிக்கொண்ட சொற்களைத் துவைக்க மிஷின் கிடையாது. பல் டாக்டர் மார்க்கெட் முழுக்கத் தேடினார். பூனை தென்பட்டது, வர மறுத்துவிட்டது. அதற்கு யாரும் கடிதம் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனாலும் விலக வேண்டியவர் யார் என்பது அதற்கே தெரிந்திருந்தது.

மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே இப்போது வேறொருவர் வந்திருக்கிறார். உள்ளங்காலைப் பார்த்து உள்மனதைச் சொல்கிறாராம். வரிசை மாடிப்படிவரை வந்துவிட்டது. வங்கி மேலாளர் எட்டாவதாக நிற்கிறார். கேட்டால், 'இவரோட அணுகுமுறை வேற' என்கிறார்.

யாரிடமும் காட்டாதே என்று சொல்லி ஒருவன் உங்கள் கையில் எதையாவது திணித்தால், முதல் வேலையாக அதைப் பக்கத்தில் நிற்பவரிடம் காட்டுங்கள். அவர் பையிலும் அதேதான் இருக்கும்.